பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

மார்ச் 2, மாலை – இழையைத் தொடங்கியவரின் கேள்வி

என் மனைவிக்கு இதய அறுவை சிகிச்சை. தேதி குறித்துவிட்டார்கள். நான் சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவன், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவன். இப்போது நடு இரவில் விழித்து உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. சபை மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். "பயமும் விசுவாசமும் ஒரே வீட்டில் குடியிருக்காது தம்பி, எதை வெளியே அனுப்புவது என்று நீயே முடிவு செய்" என்றார். அதிலிருந்து இருக்கிற பயம் போதாதென்று, என் விசுவாசமே பொய்யோ என்கிற பயமும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் முன்னால் சிரித்துக்கொண்டே திரிகிறேன். விசுவாசத்தால் தைரியம் கிடைத்தது என்று சொல்கிறவர்கள், அது உண்மையில் எப்படி வந்தது என்று எழுதுங்கள். வெறும் வசனம் அனுப்ப வேண்டாம். வசனம் எனக்குத் தெரியும்.

மார்ச் 2, இரவு – இங்கிருந்து என் பதில்கள்

மூப்பர் சொன்னது தவறு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாற்கு 14-ஐ எடுத்துப் பாருங்கள். பிடிபடுவதற்குச் சற்று முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்றுதான் இருக்கிறது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று மூப்பர் சொல்வாரா?

வசனம் வேண்டாம் என்றீர்கள், முதல் பதிலிலேயே ஒன்று போட்டுவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னும் வரும். ஆனால் ஆறுதல் அட்டையில் அச்சடிக்கிற வசனங்களாக இருக்காது.

மார்ச் 3, அதிகாலை

தூக்கம் வரவில்லை, அதனால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தான். எனக்கும் அவனுக்கும் பொருந்தியது. குடும்பத்தில் எல்லோரும் "கர்த்தர் உன்னைத்தான் தெரிந்துகொண்டார்" என்றார்கள். நானும் ஆமென் என்று சொல்லிவிட்டேன். அதன்பின் ஒவ்வொரு பரிசோதனைக்குப் போகும்போதும், எங்காவது ஒரு கோளாறு தெரிந்து என்னால் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட மாட்டார்களா என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஆம், ஜெபம்தான் செய்தேன். தம்பிக்கு உதவ முடியாமல் போக வேண்டும் என்று ஜெபம் செய்த அக்கா நான். இதை எந்தச் சாட்சிக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

தானம் கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். அப்போது அங்கிருந்த ஒரு பெண் சொன்னார்: "நீங்கள் எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம். அறுவை அறைக்குள் போகும்வரைக்கும். வீட்டாரிடம் நாங்கள் மருத்துவக் காரணம் என்று மட்டும்தான் சொல்வோம்." அன்று ராத்திரிதான் பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். வெளியே போகக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவுடன் உள்ளே நிற்க முடிந்தது. இதில் விசுவாசம் எங்கே என்று கேட்பீர்கள். அப்போது எனக்கும் தெரியவில்லை. அதுவரை நான் "தேவசித்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் சொந்தக்காரர்களின் சித்தம் என்பது மட்டும் புரிந்தது. அதை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, கொடுக்க வேண்டும் என்று எனக்கே ஆசை இருந்தது. அந்த ஆசையை எனக்குள் வைத்தது யார் என்று கேட்டால், கர்த்தர்தான் என்பேன்.

கொடுத்தேன். அறுவை அறைக்குப் போகும் வழியெல்லாம் பல் தந்தியடித்தது. குளிர் என்று நர்ஸிடம் பொய் சொன்னேன்.

மார்ச் 3, மதியம்

ஒருவர் 1 யோவான் 4:18 போட்டிருக்கிறார்: "பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்." மூப்பரும் அநேகமாக அதைத்தான் மனதில் வைத்திருப்பார். சரி, அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் நமக்குத் தைரியம் உண்டாயிருக்க வேண்டும் என்று அங்கே பேச்சு ஓடுகிறது. தண்டனையை நினைத்து தேவனுக்கு முன்னால் நடுங்குகிற பயம் அது. மனைவியின் மார்பைத் திறக்கப் போகிறார்களே என்று நடுங்குகிற கணவனைப் பற்றி யோவான் அங்கே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பார்க்கப்போனால், இந்த நண்பரிடம் "உன் விசுவாசம் பொய்" என்று சொன்னால், யோவான் எந்தப் பயத்தைத் துரத்தச் சொன்னாரோ அதையே அவர் தலையில் ஏற்றிவைக்கிறோம்.

மார்ச் 3, மாலை

வெளிப்படுத்தின விசேஷம் 21:8 வரும் என்று நினைத்தேன், வந்துவிட்டது. இரண்டாம் மரணத்துக்குப் போகிறவர்களின் பட்டியல் "பயப்படுகிறவர்களும்" என்றுதான் தொடங்குகிறது, மறுக்கவில்லை. சின்ன வயதில் அதைப் படித்துவிட்டு இருட்டுக்குப் பயப்படுகிற என்னையும் எரிகிற கடலில் போடுவார்களோ என்று அழுதிருக்கிறேன்.

ஆனால் அந்தப் புத்தகம் போன இடம் எது? ஆசியாவின் ஏழு சபைகள். உபத்திரவம், சிறைக்காவல், பெர்கமுவில் அந்திப்பா என்கிற சாட்சி கொல்லப்பட்டது எல்லாம் அதே புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. உயிருக்குப் பயந்து கிறிஸ்துவைக் கைவிட்டுப் போகிறவர்களைப் பற்றிய எச்சரிக்கை அது. அப்படிக் கைவிட்ட ஒருவரை நமக்கு நன்றாகவே தெரியும், சேவல் கூவுவதற்குள் மூன்று தரம் மறுதலித்த பேதுரு. யோவான் 21-இல் கடற்கரையில் அவரை உட்காரவைத்து என்ன கேட்கப்பட்டது? "ஏன் பயந்தாய்" என்று கேட்கப்படவில்லை. "நீ என்னை நேசிக்கிறாயா?" அவ்வளவுதான்.

மார்ச் 4

"பயப்படாதே என்று பைபிளில் 365 தடவை இருக்கிறது, நாளுக்கு ஒன்று" என்கிற வாட்ஸ்அப் பார்வர்டு இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. ஒத்த வாக்கியங்களை எல்லாம் வளைத்துப் பிடித்தால்தான் அந்த எண்ணை நெருங்கவே முடியும். அப்புறம் லீப் வருடத்தில் பிப்ரவரி 29 அன்று மட்டும் பயந்துகொள்ளலாமா என்று யாராவது கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

எண்ணிக்கை போகட்டும். அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். ஆபிராம், ஆகார், கிதியோன், மரியாள், மேய்ப்பர்கள், கப்பலில் பவுல். ஒவ்வொருவரும் அந்த நேரத்தில் பயந்துபோய் நிற்கிறார்கள். பயந்தவர்களிடம் போய்ச் சொன்ன ஆறுதல் அது. அதை எடுத்துப் பயந்ததற்கான குற்றச்சாட்டாக மாற்றினது நாம்தான்.

மார்ச் 4, இரவு

காலையில் ஒருவர் கேட்டது நியாயம்: "அக்கா, பயம் தப்பில்லை என்று சொல்லிக்கொண்டே போகிறீர்கள். அவர் கேட்டது தைரியம் எப்படி வரும் என்று."

சரி. என் கண்ணில் அடிக்கடி படுகிற இடம் அப்போஸ்தலர் 28:15. பவுல் கைதியாக ரோமுக்குப் போகிறார். வழியில் சகோதரர்கள் சிலர் அப்பியுபுரம் வரைக்கும், சிலர் மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டு வருகிறார்கள். "அவர்களைப் பவுல் கண்டு, தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தான்."

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கொஞ்சம் பின்னால் போங்கள். 23-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே ராத்திரியில் பவுலின் அருகே நின்று, திடன்கொள், ரோமாவிலும் எனக்குச் சாட்சி கொடுக்க வேண்டும் என்கிறார். 27-இல், புயலுக்கு நடுவே, தேவதூதன் வந்து பயப்படாதே என்கிறான். ஆக, நேரடியான வாக்கு ஒன்றுக்கு இரண்டு கையில் இருக்கிறது. அப்படியும் அந்த மனிதர் ரோமை நெருங்கும்போது, சில மனிதர்கள் சாலையில் நடந்து வருவதைக் கண்டுதான் தைரியமடைந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அப்பியுபுரம் ரோமிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். அவர்கள் வந்தது நடந்தோ, கழுதை மேலோ. என்ன பேசினார்கள் என்று ஒரு வரியும் இல்லை. "கண்டு" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அதே பவுல்தான் 2 கொரிந்தியர் 7-இல், புறம்பே போராட்டங்கள், உள்ளே பயங்கள் என்று எழுதிவிட்டு, உடன் ஊழியரான தீத்து வந்து சேர்ந்ததால் தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். தேவன் ஆறுதல் செய்தார், எப்படி? ஓர் ஆள் வந்ததால். எனக்கும் அப்படித்தான் வந்தது. அதை நாளைக்கு எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

மார்ச் 5

அறுவைக்கு முந்தின நாள் மாலை. சபையிலிருந்து ஒரு கூட்டமே வந்து ஜெபித்துவிட்டுப் போனது. அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகு, சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு யாரிடமும் பேசாமல் போகிற ஒரு வயதான அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். "பயமா இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். அந்த ஒரு சொல்லை அவ்வளவு வாரங்களில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. வசனம் சொல்லவில்லை. "நானும் இங்கதான் இருக்கேன்" என்றுகூடச் சொல்லவில்லை, சும்மா இருந்தார், பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே அனுப்பும்வரை.

பயம் போகவில்லை. பல் தந்தியடித்த கதையைத்தான் மேலே சொன்னேனே. ஆனால் ஓடிப்போக வேண்டும் என்கிற எண்ணம் மட்டும் அன்றோடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் தைரியம் என்பது அதுதான். உள்ளே அமைதிக் கடலாக இருந்தது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வரவில்லை.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

"அப்படியானால் தேவன் எதற்கு, நல்ல சிநேகிதர் இருந்தால் போதாதா?" என்று ஒருவர். நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும்.

மனிதர்கள் தூங்கிவிடுவார்கள், அதுதான் சிக்கல். கெத்செமனேயில் இயேசு மூன்று பேரைக் கூப்பிட்டு, என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, இங்கே விழித்திருங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டார். அவர்கள் தூங்கினார்கள். எழுப்பினார். மறுபடியும் தூங்கினார்கள். அவரைப் பலப்படுத்த வானத்திலிருந்து ஒரு தூதன் வர வேண்டியிருந்தது என்று லூக்கா சொல்கிறார். அந்தத் தூதன் வந்த பிறகுதான் இன்னும் அதிக ஊக்கமாய் ஜெபித்தார், வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது என்று வருகிறது. பலம் வந்த பின்னும் வியாகுலம் தீரவில்லை. இந்த வரிசையை நான் பல வருடம் கவனிக்காமலே படித்திருக்கிறேன்.

ஆகவே மனிதர் போதுமா என்றால், போதாது. மனிதர் இல்லாமல் வருமா என்றால், சிலருக்கு வருகிறது.

மார்ச் 6

மனிதர் யாரும் இல்லாமல் வந்ததற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நேரம், 1956 ஜனவரி 27. மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது 27 வயது. ராத்திரி தொலைபேசியில் கொலை மிரட்டல். தூக்கம் போய்விட்டது. காப்பி போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்து, எப்படிக் கோழை என்று பெயர் வாங்காமல் இதிலிருந்து விலகுவது என்று யோசித்ததாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பிறகு சத்தமாக ஜெபித்தார்: நான் பலவீனமாகிவிட்டேன், என்னால் இதற்குமேல் தனியாகத் தாங்க முடியாது என்று. நீதிக்காக நில், நான் உன்னோடு இருக்கிறேன் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது என்கிறார். மூன்று நாள் கழித்து, 30-ஆம் தேதி, மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்க, அவர் வீட்டு முன்பக்கத்தில் குண்டு வெடித்தது. இருவருக்கும் அடிபடவில்லை. ஆத்திரத்தோடு கூடிய கூட்டத்தை அவர்தான் அமைதிப்படுத்தித் திருப்பி அனுப்பினார்.

மிரட்டல் நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஜெபம் குண்டைத் தடுக்கவில்லை.

மார்ச் 6, இரவு

ஒரு சகோதரி தனிமடலில் கேட்டார், பெயரில்லாமல் இங்கே பதில் எழுதச் சொன்னார். பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாராம். "விசுவாசி மாத்திரை சாப்பிடலாமா?"

சாப்பிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சபையில் யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றபோது பரலோகத்திலிருந்து வந்த முதல் சிகிச்சை என்ன? தூக்கம், சாப்பாடு, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று தூதன் காரணமும் சொன்னான். உபதேசம் எல்லாம் ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் பெயர் இங்கே பலருக்குத் தெரியும். 1856 அக்டோபரில் லண்டனில் அவர் பிரசங்கித்துக்கொண்டிருந்த அரங்கில் யாரோ "தீ" என்று பொய்யாகக் கத்த, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு 22 வயது. நொறுங்கிப்போனார். மனச்சோர்வு வாழ்நாள் முழுக்க விட்டுவிட்டு வந்தது, அதை மறைக்காமல் தன் மாணவர்களிடம் பாடமாகவே பேசினார். அவரைப் போய் விசுவாசம் இல்லாதவர் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மார்ச் 7

இழையைத் தொடங்கியவர் கேட்கிறார்: "இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்த நாளுக்கான தைரியம் இப்போதே வரவில்லையே, அன்றைக்கு எப்படி நிற்பேன்?"

நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காத்த நெதர்லாந்துப் பெண் கோரி டென் பூம் தன் வாழ்க்கை வரலாற்றில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. சின்னப் பிள்ளையாக, சாவை நினைத்து அழுதபோது அப்பா கேட்டாராம், நாம் ரயிலில் போகும்போது உன் டிக்கெட்டை எப்போது உன் கையில் தருவேன்? ஏறுவதற்குச் சற்று முன்னால் என்றாளாம். அப்படித்தான், பலம் தேவைப்படும் நேரத்துக்குச் சரியாக உன் கையில் வரும் என்றார் அப்பா. ஹார்லெமில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944 பிப்ரவரியில் 84 வயதில் கைதாகி, பத்து நாளில் கைதியாகவே இறந்தார். சும்மா பேச்சுக்குச் சொன்னவர் இல்லை.

மார்ச் 7, இரவு

டிக்கெட் கதையை எழுதிவிட்டு அரை நாளாக உறுத்தல். கதை உண்மைதான். ஆனால் வில்லியம் கூப்பர் என்று ஒரு கவிஞர். போதகர் ஜான் நியூட்டனோடு சேர்ந்து எழுதிய ஞானப்பாட்டுகள் 1779-இல் வந்தன, பலவற்றைச் சபைகள் இன்றைக்கும் பாடுகின்றன. 1773-இல் மனம் உடைந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்கிற எண்ணம் அவரை விட்டுப் போகவே இல்லை. 1800-இல் அந்த நினைப்போடுதான் இறந்தார். அவருடைய டிக்கெட் எங்கே?

எனக்குப் பதில் இல்லை. நண்பர்கள் கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டார்கள். தைரியம் என்பதை அவர் ஒருநாளும் உணரவில்லை போலிருக்கிறது, ஆனாலும் இருபத்தேழு வருடம் அந்த இருட்டோடு எழுந்து, எழுதி, முயல் வளர்த்து, வாழ்ந்தார். (ஆம், முயல். செல்லமாக மூன்று வளர்த்தார்.) 88-ஆம் சங்கீதமும் அப்படித்தான், கடைசி வரிவரை விடியவே விடியாது. எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடும். அதை யாரும் வெட்டிவிடாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இதை ஆறுதல் என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு உதவியிருக்கிறது.

மார்ச் 9

"அக்கா, தம்பி இப்போது சுகமா?" என்று நாலு பேர் கேட்டாகிவிட்டது.

நான் கொடுத்த சிறுநீரகம் சில வருடம் நன்றாக வேலை செய்தது. இப்போது மறுபடியும் டயாலிசிஸ். ஆரம்பத்தில் கூட்டம் கூட்டமாகச் சாட்சி சொல்லக் கூப்பிட்டவர்கள் இப்போது கூப்பிடுவதில்லை, நானும் கோபித்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கும் நிகழ்ச்சி நிரல் என்று ஒன்று இருக்கிறது. தம்பியைக் கேட்டால் "அக்கா கொடுத்த பாகத்துக்கு கேரண்டி முடிஞ்சுபோச்சு" என்பான்.

அந்தச் சாட்சிகளில் "தேவன் விடுவித்தார்" என்று நான் பேசியதைவிட, தானியேல் 3-இல் எரிகிற சூளையில் போடப்பட இருந்த மூன்று வாலிபர் சொன்ன "விடுவிக்காமற்போனாலும்" என்பது இப்போது எனக்கு அருகில் இருக்கிறது. அவர்கள் அதைச் சூளைக்கு வெளியே நின்று, முடிவு தெரியாமல் சொன்னார்கள்.

மார்ச் 10

பெண்கள் யாரையும் சொல்லவில்லையே என்று குறை. பெர்பெத்துவா. கி.பி. 203, கார்த்தேஜ், சுமார் 22 வயது, கைக்குழந்தைக்காரி, கிறிஸ்தவள் என்பதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவள். சிறையில் தானே எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. இப்படி ஓர் இருட்டை நான் கண்டதே இல்லை, மிகவும் பயந்தேன் என்று ஒளிக்காமல் எழுதுகிறாள். குழந்தையை நினைத்து உருகுகிறாள். குழந்தையைச் சிறையிலேயே கூட வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறையே அரண்மனை ஆனது என்கிறாள். அவளோடு இருந்த பெலிசித்தா பிரசவ வலியில் கதறியபோது, இதற்கே இப்படியென்றால் அரங்கில் மிருகங்களுக்கு முன்னால் தள்ளும்போது என்ன செய்வாய் என்று காவலன் கேலி செய்தான். இப்போது நான் படுவதை நான் படுகிறேன், அப்போது எனக்குள் இருக்கிற வேறொருவர் எனக்காகப் படுவார் என்றாள். கதறிக்கொண்டே சொன்ன பதில் அது.

மார்ச் 11

மூப்பரைப் பற்றி இரண்டாம் யோசனை. அவர் சொன்னது தவறு என்பதில் மாற்றமில்லை. ஆனால் இப்படிப் பேசுகிறவர்கள் பலர் தாங்களே பயந்துபோனவர்கள். எதிரில் ஒருவன் கை நடுங்க உட்கார்ந்திருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு வாக்கியத்தைச் சொல்லி அதை முடித்துவைக்கத்தான் தோன்றும். நானே தம்பியிடம் அதைச் செய்கிறேன், அவன் கண்ணை உருட்டுகிறான்.

மார்ச் 14

இழைக்காரரிடமிருந்து செய்தி. அறுவை சிகிச்சை தள்ளிப்போய்விட்டதாம். மனைவிக்குச் சளிக்காய்ச்சல், தொற்று தீராமல் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். "எப்படியோ மனதைத் தேற்றி வைத்திருந்தேன், எல்லாம் வீண்" என்கிறார்.

டிக்கெட் வாங்கிய பிறகு ரயில் ரத்து. இதற்குக் கோரியின் அப்பா என்ன சொல்லியிருப்பாரோ.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு நாள்தோறும் உணவாகக் கிடைத்த மன்னாவைத்தான் யோசிக்கிறேன். சேர்த்துவைத்தால் மறுநாள் புழு பிடித்தது. தேற்றி வைத்ததும் அப்படிக் கெட்டுப்போயிருக்கலாம், புதுத் தேதிக்கு முந்தின ராத்திரி மறுபடி முதலிலிருந்து நடுங்குவீர்கள். அதில் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

அவர் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. தேதி தள்ளிப்போன அன்று ராத்திரி மனைவியிடம் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மா, "நீங்க சிரிச்சுக்கிட்டே இருந்ததுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு, டாக்டர் ஏதோ மறைச்சு உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டாரோன்னு" என்றாராம்.

ஹிட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோபர் 1944-இல் டெகல் சிறையில் எழுதிய கவிதை ஒன்றில், மற்றவர்கள் தன்னை நிதானமானவன், உறுதியானவன் என்கிறார்கள், தன்னைத் தனக்குத் தெரிந்த அளவில் கூண்டுப் பறவைபோலத் தவிக்கிறேன், இரண்டில் எது நான் என்று கேட்டுக்கொள்வார். அவரால் அதை எழுதத்தான் முடிந்தது, பக்கத்தில் கேட்க ஆளில்லை. உங்களுக்கு ஆள் பக்கத்திலேயே இருக்கிறார்.

மார்ச் 15

பிள்ளைகளிடமும் சொல்லலாமா என்கிறார். வயதுக்கு ஏற்றபடி, சொல்லலாம். "அம்மாவுக்கு ஆபரேஷன், அப்பாவுக்கும் பயமா இருக்கு, ஜெபம் பண்ணுவோம்" என்பது போதும். பிள்ளைகளிடம் உறுதிமொழி மட்டும் கொடுக்க வேண்டாம். "இயேசப்பா அம்மாவை நிச்சயம் சுகமாக்குவார்" என்று சொல்லிவிட்டு ஏதாவது ஆனால், அந்தக் கணக்கை அவர்கள் இயேசுவிடம் கேட்பார்கள்.

மார்ச் 16

புதுத் தேதி வந்துவிட்டதாம். காத்திருக்கும் அறையில் என்ன செய்வது என்று கேட்டதற்கு, கடைசியாகச் சில நடைமுறைச் சமாசாரங்கள்.

போனை வேறு ஒருவரிடம் கொடுங்கள். சொந்தக்காரர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் நீங்கள் தைரியம் சொல்லவேண்டி வரும். மருத்துவர் நாலு மணி நேரம் என்று சொன்னால் அது அறுவைக்கு மட்டும் இருக்கலாம், மயக்க மருந்து கொடுப்பது, தயார் செய்வது, அப்புறம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவது எல்லாம் தனி. எதை எங்கிருந்து எதுவரை சொல்கிறார் என்று முன்னாடியே கேட்டுவையுங்கள், இல்லாவிட்டால் நாலாவது மணி தாண்டியவுடன் உங்களுக்குப் பதற்றத்தில் பாதி உயிர் போய்விடும். வெளியே வந்தவுடன் குழாய்களும் வீக்கமுமாகப் பார்ப்பீர்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

ஜெபிக்க வார்த்தை வராது. எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. 56-ஆம் சங்கீதத்தில் "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிற ஒரே வரியை வைத்துக்கொள்ளுங்கள், ஓர் ஆயிரம் தரம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

கூட யார் வருவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். நன்றாக ஜெபிக்கிறவரைத் தேடாதீர்கள். மணிக்கணக்கில் பேசாமல் உட்காரத் தெரிந்தவர் யார் என்று யோசித்துக் கூப்பிடுங்கள், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.